யார் மடித்த குடை

மார்ச் 6, வியாழன்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது பேர் எங்கள் பாராசூட் கிளப்புக்கு வந்தார்கள். சனிக்கிழமை அவர்கள் விளையாட்டு விழாவில் நம் ஆட்கள் நான்கு பேர் கொடியோடு வானத்திலிருந்து குதிக்கிறார்கள், அதற்கு முன்னோட்டம். விமானத்தைப் பார்த்துவிட்டு என் கூடத்துக்கு வந்தவர்கள் நகரவே இல்லை. கைக்கு எட்டியதை விரித்துப் போட்டு, பாராசூட் எப்படி மடிப்பதென்று காட்டினேன். "ஆன்ட்டி, இது விரியலேன்னா?" என்றது ஒரு வாலு. "முதுகுல ரெண்டாவது ஒண்ணு இருக்கு. அதுவும் நான் மடிச்சதுதான், பயப்படாதே." ஒரே சிரிப்பு. டீச்சர் இழுத்துக்கொண்டு போகும்வரை கேள்வி மேல் கேள்வி. தொண்டை கட்டிவிட்டது. போகட்டும், நல்ல நாள்.

மார்ச் 8, சனி

குதித்த நான்கு பேரில் ஒருவரான பல் டாக்டரின் பெரிய குடை, அதாவது முதல் பாராசூட், விரியவில்லை. மைதானத்தில் அத்தனை பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, விழுந்துகொண்டே வந்தார். கடைசி நேரத்தில் இரண்டாவது விரிந்தது. மார்க்கெட் கொட்டகைக் கூரை மேல் விழுந்து கணுக்கால் முறிந்தது. உயிர் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

என்னவர் பஸ் ஓட்டுகிறவர். ஊர்ப் பேச்சு முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும். "பாராசூட் மடிக்கிற அந்தம்மா டாக்டரக் கொல்லப் பாத்துச்சாமே" என்று இன்றைக்கு மூன்று டிரிப்பிலும் பேச்சாம்.

யார்? நானா? அந்த மனுஷன் உயிரோடு இருப்பதே நான் மடித்த ரிசர்வால், அந்த இரண்டாவது குடையால்! அதை உரிமம் உள்ளவர்தான் மடிக்க முடியும். இந்தக் கிளப்பில் அது நான் ஒருத்திதான். பெரிய குடையை அவரவரே மடிப்பார்கள், நேரமில்லாதவர்கள் என்னிடம் தருவார்கள். டாக்டர் எப்போதும் தானே மடிக்கிறவர். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான் மடிக்கல. அவங்க மேஜையில மடிச்சு ரெடியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்" என்கிறாராம். பச்சைப் பொய். மடித்தது ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான். அவருடைய பெரிய குடை அதில் எங்குமே இல்லை.

படித்தவர் வாயில் இப்படி வருமா?

மார்ச் 12, புதன்

கிளப் செயலாளரிடம் போய் நின்றேன். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எதையும் பூசி மெழுகத் தெரிந்தவர்.

"டாக்டரோட முதுகுப் பையைப் பிரிங்க சார். பெரிய குடை இன்னும் உள்ளேயே இருக்கு, மடிச்சது மடிச்சபடி. யார் கைன்னு பாத்தாலே தெரியும்."

"அவசரப்படாதீங்கம்மா. விமானத்துறை ஆய்வாளர் இருபத்திரண்டாம் தேதி வராரு. அதுவரைக்கும் சீல். டாக்டர் தப்புன்னு ஆச்சுன்னா டாக்டர் பேரு போகும். உங்க தப்புன்னு ஆச்சுன்னா கிளப் பேரே போயிடும். நான் என்ன செய்யட்டும்?"

"என் பேரு?"

ஆணி எடை போடப் போய்விட்டார்.

பைலட் பார்த்ததைச் சொன்னார். பெரிய குடையை வெளியே இழுக்க முதலில் ஒரு குட்டிக் குடையைக் காற்றில் விடுவார்கள். அது விரியாமல் கந்தல் துணிபோல் பின்னால் தொங்கியதாம். அப்படியென்றால் விஷயம் தெளிவு. மடிக்கும்போது அதன் உள்நாடாவை இழுத்துவிட வேண்டும், மறந்தால் இதுதான் கதி. பதினோரு வருஷத்தில் நான் ஒரு தடவை மறந்திருப்பேனா? தூக்கத்தில் மடித்தாலும் மறக்க மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

தலைமை ஆசிரியை போன் செய்தார். இனி எந்த விழாவுக்கும் நாங்கள் வேண்டாமாம். வெள்ளத்தின்போது அந்தப் பள்ளி மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மருந்துப் பொட்டலம் போட்டது எங்கள் விமானம். ஊர்க் கல்யாணம் பாதி எங்கள் விமானக் கொட்டகையில்தான். எல்லாம் மறந்துபோச்சு. "உங்க வேலைல கவனம் வேணும்மா" என்று எனக்குப் புத்திமதி வேறு!

மார்ச் 15, சனி

இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் நானில்லை. மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, தையல் கடை, சலூன் வாசல் — ஒன்று விடவில்லை. "தன் குடைக்கு ஒரு நாடா இழுக்கத் தெரியாதவரு, உங்க பல்லை எப்படிங்க இழுப்பாரு?" சலூனில் பாதி முகம் சோப்போடு ஒருவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இந்த ஒரு வாரத்தில் இன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் கட்டுப்போட்ட காலோடு ஸ்டூலில் உட்கார்ந்து கிளினிக்கைத் திறந்துவிட்டாராம். ஆள்தான் வரவில்லையாம். எனக்கென்ன?

மார்ச் 19, புதன்

சாப்பாட்டு மேஜையில் என்னவர் மெல்ல ஆரம்பித்தார். "ஒருவேளை..."

"என்ன ஒருவேளை?"

"ஒண்ணுமில்ல. மனுஷங்கதானே எல்லாரும்னு சொல்ல வந்தேன்."

கட்டின புருஷனுக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இனி இவரோடு பேச்சு கிடையாது.

மார்ச் 22, சனி

பிரித்தார்கள்.

என் மேஜை மேலேயே. ஆய்வாளர், செயலாளர், பைலட், ஊன்றுகோலோடு டாக்டர். நான் கையைக் கட்டிக்கொண்டு, எப்போதடா முடியும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு வார்த்தை கேட்கலாம் என்று நின்றேன்.

குடையின் கயிறுகள் ரப்பர் வளையங்களில் வலமிருந்து இடமாகப் போயிருந்தன. கிளப்பில் எல்லோரும் இடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் இடதுகைக்காரி.

குட்டிக் குடையின் நாடா இழுக்கப்படவில்லை.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. "ஆறாம் தேதி இந்த மேஜைல என்னம்மா நடந்துச்சு?" என்றார் ஆய்வாளர். ஐயோ. பிள்ளைகள். கைக்கு எட்டியது என்று எடுத்தேனே — டாக்டர் காய்வதற்காக மேஜை ஓரத்தில் போட்டுவிட்டுப் போனது அது. காட்டுவதற்குத்தானே மடிக்கிறோம், அப்புறம் பிரித்துவிடலாம் என்று நோட்டில் எழுதவில்லை. குதிக்க எடுக்காதே என்கிற சிவப்புச் சீட்டும் கட்டவில்லை. பேசிக்கொண்டே மடித்தேன். பேச்சு சுவாரஸ்யத்தில் நாடாவை விட்டேன். பிள்ளைகள் போனதும் வெந்நீர் குடிக்கப் போய்விட்டேன்.

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். என் மேஜையில், மடித்து, ரெடியாக.

"மாட்டறதுக்கு முன்னாடி அவரும் நாடாவைப் பாத்திருக்கணும், அதுக்குத்தான் ஒரு கண்ணாடித் துளை வெச்சிருக்கு. அதையும் எழுதிடறேன்" என்றார் ஆய்வாளர். செயலாளர் உடனே, "அதையே முதல்ல எழுதுங்க சார்" என்றார். டாக்டரும் தலையாட்டினார். "ஆமாம்மா, நான் பாக்கல."

எனக்கு வழி விட்டார்கள். அதில் நுழைந்து தப்பித்திருக்கலாம்.

"என்னுதை முதல்ல எழுதுங்க" என்றேன். உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்தம்.

மார்ச் 23, ஞாயிறு

இத்தனை நாள் நான் திட்டினது யாரை?

மார்ச் 24, திங்கள்

கடை கடையாகப் போனேன். மருந்துக்கடைக்காரர், "விடுங்கம்மா, டாக்டர் பெரிய மனுஷர்னு நீங்களே பழியை ஏத்துக்கிறீங்க" என்கிறார். தையல்காரர், "யாரு மிரட்டினாங்க?" என்கிறார். எதைச் சொன்னாலும் நம்பினார்களே அன்றைக்கு, இன்றைக்கு ஒருத்தராவது நம்ப வேண்டுமே! கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

கிளினிக்குக்கும் போனேன். ஆறு நாற்காலி, ஆறும் காலி. மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். வேறென்ன சொல்வார்?

வீட்டுக்கு வந்து என்னவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நாளாகப் பேசாதவள் ஒரு மணி நேரம் பேசினேன். "காலைல எட்டரை வண்டிக்கு வா. அதுலதான் ஊரே இருக்கும்" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

எட்டரை வண்டி. நிற்க இடமில்லை. மார்க்கெட் நிறுத்தத்தில் என்னவர் இன்ஜினை அணைத்தார். "என்னாச்சு, வண்டி எடுப்பா!" என்று சத்தம். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று சொன்னேன். குடையை மடித்தது நான், நாடாவை விட்டது நான், டாக்டர் பொய்யரென்று கடை கடையாகச் சொன்னதும் நான்.

பின் சீட்டிலிருந்து ஒருவர், "என்னம்மா? இங்க எதுவும் கேக்கல" என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.