நாற்பத்தொரு செக்கன்

ட்ருகனினா
9 மார்ச் 2025

அன்பு மச்சான் பிரஷாந்தன்,

நீயும் வீட்டுக்காரரும் சுகமாய் இருப்பியள் எண்டு நினைக்கிறன். போனிலை கதைக்க வெளிக்கிட்டால் அழுதுபோடுவன், அதுதான் எழுதுறன்.

எங்கடை வெயார்ஹவுசிலை போன மாசம் என்னோடை வேலை செய்த நாகராஜன் செத்தது உனக்குத் தெரியும். சாமான் ஓடுற பெல்ட்டிலை இறுகின பெட்டியை இழுக்கப் போனவரை பெல்ட் உள்ளுக்கு இழுத்துப்போட்டுது. கத்தினது கேட்ட உடனை ஓடிப்போய் பெல்ட்டை நிற்பாட்டுற சிவப்புப் பட்டனை அடிச்சனான். நாலு எட்டுத் தூரம்தான் மச்சான். இப்ப விசாரணையிலை சொல்லுகினம், அவரின்ரை ஹெட்செட்டிலை பதிஞ்ச கத்தல் 2:14:06, நான் பட்டன் அடிச்சது 2:14:47 எண்டு. நாற்பத்தொரு செக்கனும் என்ன செய்தனி எண்டு கேட்கினம்.

பட்டன் இருக்கிற கொன்ட்ரோல் பெட்டி உங்கடை கொம்பனி செய்தது. அதிலை நேரம் பதியிறது நீ எழுதின புரோகிராம் எண்டு நீதான் சொன்னனி. அது பிழைக்குமோ?

உன்ரை
வரதராஜா


டூங்கபி
16 மார்ச் 2025

அன்பு வரதன்,

உன்ரை கடிதம் வர முதலே கொம்பனி அந்தப் பதிவைத் தந்து என்னட்டை அறிக்கை கேட்டது. பதிவு சரி எண்டு கையெழுத்து வைச்சிட்டன். உனக்கு ஒளிக்க விருப்பமில்லை.

அந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிற கணினிக்கு மணி தெரியாது. சிப்பிலை எண்ணுறதுக்கெண்டே ஒரு உறுப்பு இருக்கு, எண்ணி எண்டுவம். கரண்ட் இருக்கிற வரைக்கும் அது கோடிக்கணக்கிலை எண்ணிக்கொண்டே போகும். எல்லாத்துக்கும் அடியிலை ஓடுற புரோகிராமைக் கேர்னல் எண்டுவம். அது தொடங்கேக்கை ஒருக்கால் சரியான நேரத்தை வாங்கும். பிறகு, ஒரு செக்கனுக்கு இத்தனை எண்ணிக்கை எண்டு அந்த எண்ணியை வைச்சே நேரம் சொல்லும். அது பயப்படாது, களைக்காது. பயத்திலை உறைஞ்சு நிற்கிறது மனிசருக்குத்தான் நடக்கும். அதிலை வெட்கம் இல்லை மச்சான்.

அன்புடன்
பிரஷாந்தன்


ட்ருகனினா
2 ஏப்ரல் 2025

அன்பு மச்சான்,

நீ சொன்னால் சரியாய்த்தான் இருக்கும். ஓடின ஞாபகம் இப்பவும் இருக்கு, ஆனால் அதை நான் நம்பிறேல்லை.

வேலை போயிட்டுது. காரையும் வித்திட்டன். ஒரு பிள்ளை குறுக்கை வந்தால் பிறேக் அடிக்கப் பிந்திப்போவனோ எண்டு பயம். பஸ்ஸிலை பொயிண்ட் குக் எண்ட இடத்துக்குப் போய் நாகராஜன்ரை மனுசி சந்திரகலாவைக் கண்டனான். “நாற்பத்தொரு செக்கன் நிண்டிட்டன் தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” எண்டனான். அவ ஒரு கிளாஸ் தண்ணி தந்தவ.

வருசப்பிறப்புக்கு சிட்னிக்கு உங்கடை வீட்டை வரேல்லை. குறை நினையாதை.

வரதன்


டூங்கபி
12 ஒக்டோபர் 2025

வரதன்,

எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை. உன்ரை நேரம்தான் சரி.

போன கிழமை பழைய கோப்பிலை ஒரு படம் கண்டனான். விபத்து நடந்த அண்டு பெட்டியை நிற்பாட்ட முதல் டெக்னீசியன் தன்ரை போனாலை எடுத்தது. படத்திலை பதிஞ்ச போன் நேரத்தை விடப் பெட்டியின்ரை திரை முப்பத்தெட்டு செக்கன் முந்தி நிற்குது.

கேர்னல் தொடங்கேக்கை, ஒரு செக்கனுக்கு எண்ணி எவ்வளவு எண்ணுது எண்டு இன்னொரு கடிகாரத்தோடை ஒப்பிட்டு அளக்க வேணும். பெட்டி கெதியாய்த் தொடங்கட்டும் எண்டு அந்த அளவையை நான் குறுக்கினனான். அளவு கொஞ்சம் பிசகினால் நாளுக்கு மூன்றரை செக்கன் முந்தும். ஹெட்செட் நெட்வேர்க்கிலை நேரம் எடுக்கிறது, அது சரி; இது நெட்வேர்க் இல்லாத பெட்டி, திருத்த வேறை வழியில்லை. அண்டைக்கு அது தொடங்கிப் பதினொரு நாள். நீ மூண்டு செக்கனிலை பட்டனை அடிச்சிருக்கிறாய்.

அறிக்கை எழுதேக்கை இதை நான் பார்த்திருக்க வேணும். என்ரை எண்ணியிலை இருந்த நம்பிக்கை எனக்கு உன்னிலை இருக்கேல்லை. புது அறிக்கையை விசாரணைக்கு அனுப்பிட்டன். வேலையையும் விட்டிட்டன். ஒருக்கால் போனை எடு மச்சான்.

பிரஷாந்தன்


ட்ருகனினா
30 ஒக்டோபர் 2025

பிரஷாந்தன்,

கடிதம் கிடைச்சது. வேலையைத் திருப்பித் தாறம் எண்டு கூப்பிட்டவை. நான் போகேல்லை.

உன்ரை கடிதத்தைச் சந்திரகலாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். பிறகு கேட்டா, “அப்ப அவர் ரொம்ப நேரம் துடிக்கலையாண்ணா?”

“இல்லையம்மா. மூண்டு செக்கன்தான்.”

“கண்ணை மூடினா எண்ண ஆரம்பிச்சிடுவேண்ணா. நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணுவேன். அவ்வளவு நேரமும் அவர் கத்திக்கிட்டே இருந்திருப்பார்னு.”

ஏழு மாசம் மச்சான். அந்த நாற்பத்தொண்டை அவவிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தது நான். நீ கணக்கிலை பிழைவிட்டதை நான் மன்னிச்சிட்டன், அது ஆருக்கும் நடக்கும். ஆனால் நான் ஓடினனான் எண்டு முதல்லை உனக்குத்தான் எழுதினனான்.

வாற கிழமை அவ ஊருக்குப் போறா. எயார்போட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போறன், ஒருதரிட்டைக் கார் கேட்டிருக்கிறன்.

நீ நல்லாய் இரு. இனி எழுதாதை.

வரதராஜா