சாவி இருந்தும் மேலே போகாதவளுக்கு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதுவும் காலையில் அரைமணி நேரம் முனகிவிட்டு அப்புறம் தானாகச் சமாதானமாகிவிடுகிறது. உனக்கு எப்படி இருக்கிறது, அந்தக் குளிரில் நின்றதற்குச் சளி கிளி பிடிக்கவில்லையே? தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எதையாவது பாராட்டிச் சொல்ல ஆரம்பித்தால் சரிம்மா விடும்மா என்று வாயை அடைத்துவிடுகிறாய், கடிதத்தில் அந்தப் பருப்பு வேகாது. சமையலறைக் குழாயை அப்பா தானே சரி செய்கிறேன் என்று ஸ்பானரோடு இறங்கி, சொட்டுச் சொட்டாக ஒழுகியதை ஒரே கோடாக ஒழுக வைத்திருக்கிறார். டிரைவிங் ஸ்கூலில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவருக்கு வீட்டில் யாரும் எதுவும் கற்றுக்கொடுக்க முடியாது. பிளம்பர் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும், இந்தப் பக்கம் நடந்ததை நீ முழுசாகக் கேட்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக மாதக் கடைசியில் எங்கள் பத்திரிகையில் வரும் ‘இம்மாதம் மறைந்தவர்கள்’ பக்கம் என் பொறுப்பு, உலகம் முழுக்க அந்த மாதம் இறந்துபோன பெரிய மனிதர்கள், பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு படம். ஆபீஸில் என் மேஜைக்குச் சித்திரகுப்தன் ஆபீஸ் என்று பெயர். இந்த மாதம் ஒரு கோல்கீப்பர், மூங்கில் பூப்பதைப் பற்றியே ஆயுசு முழுக்க ஆராய்ந்த ஒரு பெண்மணி, ஒரு குட்டி நாட்டின் முன்னாள் அதிபர், மடக்கி எடுத்துப்போகும் சக்கர நாற்காலியைக் கண்டுபிடித்தவர் என்று பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் செய்தி மட்டும் போதாது, நேரடியாகத் தெரிந்த ஒருவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும், குடும்பமோ மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ. அதை ஒரு நோட்டில் உறுதி செய்தவர் என்ற இடத்தில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இது நானாக வைத்துக்கொண்ட சட்டம்.

அன்று காலை பதினொரு மணிக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே கம்பி கட்டி நடந்து உலகத்தையே வாயைப் பிளக்க வைத்த அந்த அம்மா காலமாகிவிட்டார் என்று. அவர் வீட்டு எண், பழைய குழுவின் எண் எல்லாம் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. எடிட்டர் வந்து நின்றார். ஊர் உலகமே போடுது, நாம மட்டும் போடலைன்னா சிரிப்பாங்க, ஆறு மணிக்குள்ள பக்கம் போகணும், உங்க நோட்டுதான் முக்கியம்னா அடுத்த மாசத்துலேருந்து சினிமாப் பக்கம் பண்ற தம்பி இதைப் பார்த்துக்கட்டும் என்றார். கத்திப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்போதுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் இருப்பதும் கடல் தாண்டி நீ இருக்கும் ஊரில்தான், அவர் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டை நீதான் பழுது பார்ப்பாய், அந்தரத்தில் நடந்த மனுஷி லிஃப்டை மட்டும் நம்பாமல் ஐந்து மாடியும் படியேறித்தான் போவார் என்று சொல்லி நாம் சிரித்தோமே. உனக்கு அன்று விடுமுறை என்று தெரிந்தும் போன் செய்து போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் கிளம்பிவிட்டாய்.

மூன்றரை மணிக்கு, அதாவது உனக்குப் பதினொன்றுக்கு, ஜன்னல் சாத்தியிருக்கு, யாரும் வரலை, எதிரே நின்னுட்டிருக்கேன் என்றாய். அழைப்பு மணியை அடிச்சியா என்றேன். உயிரோட இருக்கீங்களான்னு எப்படிம்மா ஒருத்தர் வீட்டு மணிய அடிச்சுக் கேக்கிறது, உயிரோட இல்லைன்னா அந்த வீட்டுல அழுதுட்டிருப்பாங்களே என்றாய். அதற்கு மேல் நான் கேட்டது எனக்கே வெட்கமாக இருக்கிறது. உன்கிட்டதான் கட்டடத்துச் சாவி இருக்கே, லிஃப்டைப் பார்க்க வந்த மாதிரி மேலே போய் எட்டிப் பார்த்துட்டு வந்துடேன் என்றேன். அது வேலைக்குக் கொடுத்த சாவிம்மா, இதுக்கு இல்லை என்றாய். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, பெத்த அம்மா வேலை போகப் போகுது, இவ நியாயம் பேசறா என்று போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு அவர் படத்தை முதல் கட்டத்தில் போட்டேன். ஆமாம், போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துச் சட்டம் ஒரு மத்தியானத்தில் காற்றில் போயிற்று.

நாலே முக்காலுக்கு நீ மறுபடி கூப்பிட்டாய். ரொட்டிப் பையோடு அவரே தெருமுனையிலிருந்து நடந்து வந்ததையும், குளிருக்கு நீ மாட்டியிருந்த கம்பெனி ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு லிஃப்டுக்கு என்ன என்று அவர் கேட்டதையும், லிஃப்ட் நல்லா இருக்கு, ஒருத்தருக்காகக் காத்திட்டிருந்தேன், வந்துட்டாங்க என்று நீ சொன்னதையும் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எடிட்டரிடம் ஓடினேன். போட்டோ எங்கே என்றார். எடுக்கவில்லை என்றேன். அத்தனை பத்திரிகையும் ஒரு பக்கம், உங்க பொண்ணு ஒரு பக்கமா, அம்மா வேலைக்காகப் பொண்ணு எதையாவது சொல்ல மாட்டாளா என்றார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் வேலைக்காக அவளைத் தப்பு செய்யச் சொன்னதே நான்தான் சார், பையிலே சாவி இருந்தும் மேலே போகாதவ, பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லுவாளா என்றேன். அவங்க படத்தைப் பக்கத்துலேருந்து தூக்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கட்டத்தில், ஒரு தீவு மக்களின் மொழிக்கு அகராதி எழுதிய ஆசிரியரைப் போட்டேன், இடமில்லை என்று அவரை ஓரமாக வைத்திருந்தேன், அவருக்கும் நியாயம் கிடைத்தது.

மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் அந்த அம்மாவின் படம், எங்களுடையதைத் தவிர. எட்டு மணியிலிருந்து வாசகர்கள் போன் செய்து வறுத்தெடுத்தார்கள். எடிட்டர் என் பக்கம் திரும்பவே இல்லை, நான் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பினேன். பதினொன்றரைக்கு அந்த அம்மாவே பேட்டி கொடுத்துவிட்டார். கம்பியிலிருந்தே விழாதவள், இவர்கள் எழுதியா விழப்போகிறேன் என்றாராம். அதே பெயருள்ள பல் மருத்துவர் ஒருவர் வேறு ஊரில் இறந்திருக்கிறார், யாரோ பெயரைப் பார்த்தவர் ஆளைப் பார்க்கவில்லை, மற்றவர்கள் அதைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார்கள். சினிமாப் பக்கத்துத் தம்பி முதலில் வந்து கை கொடுத்தான். மறைந்தவர்கள் பக்கம் இனியும் என்னுடையதுதான் என்று எடிட்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பா இதை வண்டி ஓட்டப் பழக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார், நேற்று சொல்லிக்கொண்டே ஒருவரைச் சிவப்பு விளக்கைத் தாண்ட விட்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. பேட்டி வந்த அன்று சாயங்காலம், அந்த அம்மா உயிரோடு இருப்பதையும் முறைப்படி நோட்டில் எழுத உட்கார்ந்தேன். உறுதி செய்தவர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மூன்று வருஷமாக யார் கேட்டாலும் என் பொண்ணு பெரிய கட்டடக் கம்பெனியில இருக்கா என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். உன் பெரியம்மாவிடமும் அதுவே, ஆபீஸிலும் அதுவே. கையில் கிரீஸ் படுகிற வேலை என்று சொல்ல எனக்குக் கூச்சம். உனக்கு இது தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருந்திருக்கிறாய். எடிட்டர் எட்டிப் பார்த்து, மகள்னு எழுதுங்களேன் என்றார். எழுதவில்லை. மகள் என்பதற்காக நான் உன்னை நம்பவில்லை கண்ணு. லிஃப்ட் மெக்கானிக், நேரில் கண்டது என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். மறுநாளே உன் பெரியம்மாவுக்கும் போன் செய்து உன் வேலை என்னவென்று சொல்லிவிட்டேன்.

நீ நீண்ட நாள் நல்லபடி வாழவேண்டும், தொட்டதெல்லாம் துலங்கவேண்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. காதை மூடும் குல்லாய் ஒன்று வாங்கிக்கொள், வாங்கினேன் என்று சொல்லி ஏமாற்றாதே, போட்டுக்கொண்டு படம் அனுப்பு. அந்த அம்மாவை மறுபடி பார்த்தால் என் வணக்கத்தைச் சொல், காரணம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்கின் அம்மா