தண்ணீர் அடித்த சுவர்

மே 4

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதிக்கொடுக்கவில்லை, நானே எழுதுகிறேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடப்பதைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். நூலகத்து மாலை வகுப்பு டீச்சர், "நல்லா வருது ஐயா, நடுவுல கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்க" என்கிறார். காலமெல்லாம் இடம் விடாமல் வெள்ளை அடித்த கை, எப்படி விடும்? ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறின டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் நாள் காலையிலேயே சின்னவன் என் முன்னால் வந்து நின்று, "தாத்தா, போர் அடிக்குது" என்றான். கதை சொன்னேன். "இதைப் போன லீவுலயே சொல்லிட்டீங்க" என்றாள் பெரியவள். உன்னைப் போலவே முகத்துக்கு நேராகப் பேசுகிறாள். சீட்டு விளையாடினோம். சின்னவன் தோற்றாலும் சண்டை, ஜெயித்தாலும் சண்டை. லீவு நாளில் இவர்களைக் கட்டி மேய்ப்பது என் மகனின் வேலையாக இருந்தது. எப்படிச் செய்தானோ. அவன் கண்ணை மூடிய பிறகு இது மூன்றாவது லீவு.

கடைசியில் என் பழைய பிரஷ்கள்தான் கைகொடுத்தன. ஆளுக்கு ஒரு பிரஷ், ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் காட்டி, "இதுக்குத் தண்ணி அடிங்க" என்றேன். நனைந்த இடம் கறுத்துப் புதிதாகத் தெரிகிறது. அந்தக் கோடிக்குப் போவதற்குள் இந்தக் கோடி காய்ந்துவிடுகிறது. "தாத்தா, சுவரு ஏமாத்துது" என்று சின்னவன் திரும்ப ஓடிவருகிறான். மத்தியானம் வரை சண்டையே இல்லை. தையல்காரர் எட்டிப் பார்த்து, "கூலிக்கு ஆள் பிடிச்சுட்டீங்களா?" என்றார். "கூலி கிடையாது, சாப்பாடு மட்டும்தான்" என்று சின்னவன் புகார் செய்தான்.

வேளைக்குச் சாப்பிடு. பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. உன் கடிதத்தை நானே படிக்க வேண்டும். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

உன் மாமா


மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி லாண்டரியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் காட்டினேன். துவைத்து மடித்த போர்வை மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதைப் போனில் சொல்ல வழியில்லை. சின்னவன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான், பெரியவள் பக்கத்தில் நின்று காது கொடுக்கிறாள்.

மாமா, நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். அவர் இங்கே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் கேட்டார். உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. உங்கள் மகனை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் வந்து, பக்கத்தில் உட்கார வைத்து, என் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் சொல்லிக் கேட்டாலும் பெரியவள் என்னை விட்டு விலகிவிடுவாள். ஏற்கெனவே எதையோ மோப்பம் பிடித்திருக்கிறாள். அதுவரை ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் மாமா. அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டாம்.

உங்கள் மருமகள்


மே 17

அன்புள்ள மகளுக்கு,

எனக்குச் சம்மதம். வேறு தாளில் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, இங்கே திருத்தமாக எழுதியிருக்கிறேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். எனக்கு இன்னும் மனசுக்குள் படிக்க வரவில்லை. வாய்விட்டு எழுத்துக் கூட்டினால்தான் விளங்கும். உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்து பிரித்துவிட்டேன். பிள்ளைகள் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுத்தைப் பிடிப்பதிலேயே கவனம். ம, று, ப, டி, யும் என்று கூட்டினேன். க, ல், யா, ண, ம் என்று கூட்டினேன். சேர்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே அர்த்தம் வந்தது. அப்போது பிரஷ் சத்தம் நின்றிருந்தது.

"யாருக்குத் தாத்தா கல்யாணம்?" என்றான் சின்னவன்.

பெரியவள், "மிச்சத்தையும் படிங்க" என்றாள். நான் கடிதத்தை மடித்தேன். "படிக்கத் தெரியாத மாதிரி நடிக்காதீங்க தாத்தா" என்றாள்.

"மிச்சத்தை உங்க அம்மா வந்து சொல்லுவா" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தாள். காயக் காய அடித்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பவில்லை. சின்னவன்தான் தட்டைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான்.

நேற்று சாயங்காலம் படியில் வந்து உட்கார்ந்தாள். "அந்த ஆள் வந்துட்டா நீங்க எங்களுக்கு யாரு?"

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குள்ளும் அதே கேள்விதான். "தாத்தாதான்" என்றேன்.

"அப்பா வழியாத்தானே நீங்க தாத்தா?"

"உங்க அப்பன் இல்லாத லீவுலயும் வந்தீங்களே, அப்ப நான் யாரா இருந்தேன்?"

கொஞ்சம் யோசித்தாள். "தாத்தாவா." பிறகு, "அடுத்த லீவுக்கும் எங்களை அனுப்புவேன்னு அம்மா எழுதியிருக்காங்களா?" என்றாள். கடிதத்தை எடுத்து மறுபடி தேடினேன். அப்படி எழுதியிருக்கவில்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மனசில்லாமல், "எழுதலை" என்றேன்.

"தண்ணி போதும் தாத்தா. நிஜ பெயிண்ட் இருக்கா?" என்றாள். பரணில் மஞ்சள் டின் இருந்தது. இன்று காலை இடது கோடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

மாதக் கடைசிவரை காத்திருக்காதே. அவளுக்கு வேலை கொடுக்க என்னால் முடியும், பதில் சொல்ல நீதான் வேண்டும்.

உன் மாமா


ஜூன் 6

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நீ வந்த அன்று பெரியவளோடு பேசியதை நான் கேட்கவில்லை. தையல்காரர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். "என்ன, வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?" என்றார். திரும்பி வந்தபோது அவள் அழுது வீங்கின முகத்தோடு உன் மடியில் படுத்திருந்தாள். உன் கை அவள் தலையில் இருந்தது. எனக்கு அது போதும்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பியை விசாரித்ததாகச் சொல். சின்னவனுக்கு ஒரு தடவை சைரன் போட்டுக் காட்டினால், அவன் அவரை விடவே மாட்டான்.

மனசுக்குள் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். உதடு மட்டும் இன்னும் அசைகிறது என்று டீச்சர் சொல்கிறார்.

சுவர் பாதி மஞ்சள், பாதி பழைய நிறம். சின்னவன் கை எட்டின இடத்தில் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருக்கிறது, நான் திருத்தவில்லை. என் காலத்தில் எந்த வேலையையும் பாதியில் விட்டதில்லை என்பது தையல்காரருக்குத் தெரியும். நேற்று சுவரைப் பார்த்துவிட்டு, "ஏன், பெயிண்ட் தீர்ந்துபோச்சா?" என்றார்.

"தீரலை. ஆளுங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன்.

பிரஷ்களைக் கழுவி, ஆணியில் மாட்டியிருக்கிறேன். டின்னின் மூடியைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டேன். காற்றுப் புகாமல் இருந்தால் அடுத்த லீவு வரை கெடாது.

உன் மாமா