அம்மா பாட்டை நிறுத்திய இடம்

சுகர் லேண்ட்,
மே 18

அன்பு அம்மிணி வான்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. மெல்போர்னில் குளிர் ஆரம்பித்திருக்குமே, நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். அம்மா பட்டமளிப்பு விழாவில் பாடிய வீடியோவைக் கேட்டு நீ அனுப்பிய பதினோரு மெசேஜும் வந்து சேர்ந்தன. வீடியோ இல்லை. ஏன் இல்லை என்பதைப் போனில் சொன்னால் பக்கத்தில் அம்மா இருப்பாள், அதனால்தான் கடிதம்.

ஐம்பத்து மூன்று வயதில் டேகேர் டீச்சர் படிப்பை முடித்தவள் சும்மா போய்ப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வரலாம் அல்லவா. விழாவில் அமெரிக்க தேசிய கீதம் பாட ஆள் தேடுகிறார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆடிஷனுக்குப் போய்த் தேர்வாகியும் விட்டாள். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா, ஹைஸ்கூல் காலத்தில் நீ அறைக் கதவில் படம் ஒட்டி வைத்திருந்தாயே, தொப்பிக்காரப் பாடகர் வெண்டல் ரோக், அவரேதான். உன் அம்மாவுக்கு அது தெரியவில்லை. மேடை ஓரத்தில் நின்றவரை மைக்செட்காரர் என்று நினைத்து, சார், இந்த ஸ்டாண்டைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவரும் மறுபேச்சில்லாமல் இறக்கிக் கொடுத்திருக்கிறார்.

பாட்டு ஆரம்பித்தது. பதற்றத்தில் எடுத்த எடுப்பிலேயே சுருதியை ஏற்றிவிட்டாள். இன்னும் மேலே போக வேண்டிய பாட்டு அது, குரல் எட்டாது என்று எனக்கே புரிந்தது. மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டாள் அம்மிணி. அரங்கத்தில் மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் என்றால், போனை இறக்கிக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு பதிவானதெல்லாம் என் ஷூவும் பக்கத்துச் சீட்டுக்காரரின் பாப்கார்னும்தான். சாரி, ஐ வில் ஸ்டார்ட் அகெய்ன் என்று அம்மாவின் குரல் கேட்டது. பின்னாலிருந்து ஒரு பெண், யூ காட் திஸ், மேடம் என்று தைரியம் சொல்லிக் கத்தினாள். அம்மா சுருதியை இறக்கி மறுபடி முதலிலிருந்து பாடினாள், கடைசி வரை, ஒரு பிசிறு இல்லாமல். நான் நிமிர்ந்தபோது கூட்டமே ஆரவாரமாகக் கைதட்டிக்கொண்டிருந்தது.

பிறகு வெண்டல் பேச வந்தார். முப்பது வருஷமாகப் பாடுகிறேன், தப்பாக ஆரம்பித்தால் எப்படியோ சமாளித்து முடித்துவிடுவேன், நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கும் தைரியம் எனக்கு இன்று வரை வந்ததில்லை என்றார். அப்போதுதான் உன் அம்மா பக்கத்தில் இருந்த பெண்ணிடம், மைக்செட்காரர் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கேட்டாளாம்.

திரும்பி வரும்போது காரை ஃப்ரீவேயில் ஏற்றினேன். அப்புறம் அம்மா மெதுவாகக் கேட்டாள், "ஏனுங்க, நான் நிறுத்துனப்போ அத்தன கூட்டத்துல உங்க மொகத்தத்தான் தேடுனேன். உங்க வழுக்கத் தலதான் தெரிஞ்சுது. எனக்காகக் கூச்சப்பட்டீங்களா?" ஷூ லேஸ் கட்டினேன் என்றேன். அவள் என் காலைப் பார்த்தாள். லேஸ் இல்லாத ஷூ. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன், ஆனால் அம்மிணி, எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை. கூச்சப்பட்டேன் என்று மறுநாள் காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். தெரியும் என்றாள். காபியில் சர்க்கரை போதவில்லை என்றாள்.

லீவு கிடைக்கவில்லை என்று நீ வராமல் இருந்ததை அம்மா மன்னித்துவிட்டாள், நான் குனிந்ததற்குத்தான் மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. ராத்திரி கண் விழிக்காதே, காருக்கு ஆயில் மாற்று. உனக்கு எல்லா நலமும் வளமும் சேரட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மறக்காமல் அம்மாவைப் பாடச் சொல். நான் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

உன் அன்பு அப்பா,
திருமூர்த்தி