உங்கள் மீட்டரும் என் வயிற்றெரிச்சலும்

மச்சான், இன்று விடிந்ததும் கார் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் வோல்ட் மீட்டரை எடுத்தேன். அதை நீங்கள் போட்டு வைத்திருந்த பால்கோவா டப்பாவில் இன்னும் நெய் வாசம் அடிக்கிறது. ஆள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியும் உங்கள் டப்பா மணக்கிறது. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வீட்டில் எது பழுதானாலும் என் மகள், தாய்மாமனான உங்களைத்தான் கூப்பிடுவாள். உங்கள் வீடு தெருமுனையில். அப்பன் நான் அடுத்த அறையில் இருப்பேன்.

ஒரே ஒருமுறை முந்திக்கொள்ளப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலைக்கு நேரில் பார்க்க அவளை வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வத்திராயிருப்பு போய்த் திரும்பிய கையோடு, உங்களிடமே இரவல் வாங்கிய இந்த மீட்டரை பேட்டரியில் வைத்தேன். பன்னிரண்டே முக்கால் வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. "பேட்டரி புதுசு மாதிரி இருக்கு தாயி. நாளைக்கு அப்பா கொண்டுபோய் விடுதேன்" என்று மீசையைத் தடவினேன். பத்தாவதை இரண்டு தரம் எழுதியவனுக்கு அந்த எண்ணே போதுமாக இருந்தது.

காலையில் சாவியைத் திருகினால் 'டக்'. மறுபடியும் 'டக்'. மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. போனை எடுத்து, "மாமா, செத்த வாரீங்களா?" என்றாள். ஈரத்தலையோடு உங்கள் காரில் வந்து நின்றீர்கள்.

"எப்ப மாப்ள பாத்தீங்க?"

"நேத்து வந்து நிறுத்துனதுமே."

"ஓடி வந்த சூட்டுல பாத்தா அது நல்லாத்தான் காட்டும். ராப்பூரா சும்மா கெடக்கட்டும். விடிஞ்சதும் சாவியத் தொடாம பாருங்க. அப்பத்தான் நெசம் தெரியும்."

அவளை நீங்களே கூட்டிப் போனீர்கள். வேலை கிடைத்து அவள் வாங்கி வந்த முதல் பால்கோவாவும் உங்கள் கைக்குத்தான் போனது. அந்த டப்பாதான் இது.

நேற்று சாயங்காலம், "கார் ஸ்டார்ட் ஆக ரொம்ப இழுக்குது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவளின் போன் திரையில் உங்கள் பெயர். பழக்கத்தில் கை போயிருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்பா, நீங்க பாக்கீங்களா?" என்றாள். எத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி! அதுவும் உங்களுக்குப் பிறகுதான் வந்தது.

காலைவரை காத்திருந்தேன். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டியது பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை. அவளைச் சாவி திருகச் சொன்னேன். எண் எட்டுக்குச் சரிந்தது, என்ஜின் முனகி அடங்கியது.

"பேட்டரி மாத்தணும் தாயி."

"நேத்தே பாத்திருக்கலாம்லப்பா?"

"ஓடி வந்த சூட்டுல பாத்தா அது நல்லாத்தான் காட்டும்."

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று எனக்கே உறைத்தது. காருக்குள் அவள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா" என்றாள்.

அவள் கேட்டது என்னை இல்லை என்று தெரியும். இருந்தும் சொன்னேன் மச்சான், உங்கள் பேச்சின் இழுவையோடேயே.