மூன்றாம் மாடி வீடு

அன்பு மனைவிக்கு,

தனியறைக்குள் இன்று என்னை விடமாட்டார்கள் என்பதால் இதைச் செவிலியிடம் கொடுத்தனுப்புகிறேன். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து என்ன சொன்னார் என்று காலையில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகையில் கேட்டாய். விதியைத் தளர்த்தி, நாளை முதல் எந்த நேரமும் நான் உன்னருகே இருக்கலாம் என்றார். மற்றதில் எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. அவை தெளிந்தபின் சொல்வதே முறை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன்னைத் தனியறைக்கு மாற்றும்வரை இத்தனை மாதமும் உன் கட்டிலில் சாய்ந்தபடி, நீ குணமானதும் குடிபோகவென்று கைபேசியில் நாம் பார்த்துவந்த நகரத்து வீடுகளில், மூன்றாம் மாடி வீடு இன்னும் காலியாகவே இருக்கிறது. "பால்கனி எனக்கு, உங்க சட்டப் புத்தகமெல்லாம் பரணுக்கு" என்று நீ தீர்ப்புச் சொன்ன அதே வீடு.

பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்திட வேண்டாம் என்று கட்சிக்காரர்களைத் தடுப்பவன் நான். ஆயினும் மருத்துவரின் அறையிலிருந்து படியிறங்கியதும் தரகரை அழைத்தேன்.

"ஒரு எட்டு வந்து பார்த்துடுங்க சார். வக்கீலுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

"பார்த்த மாதிரிதான். எழுதிடுங்க. குடியிருக்கப்போறது ரெண்டு பேர்."

"சரி சார். ஒரு வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டுடவா?"

அவர் இணைப்பு அறுந்துவிட்டதென்று எண்ணி, மூன்று முறை "சார், சார்" என்று கூப்பிட்டார். பத்து வருடத்துக்கு ஒரு நாள் குறைத்து எழுதினாலும் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்னோடு குடிபோகவிருக்கும்,
உன் கணவன்