பாலத்தில் நின்ற கார்

10 மார்ச் 1991, ஞாயிறு

இரண்டாவது வாரமாகப் கடல்பாலத்தின் நடுவிலேயே கார் நின்றுவிட்டது. பத்து நிமிடம் விட்டால் கிளம்புகிறது. கொஞ்ச தூரத்தில் மறுபடி மூச்சு வாங்குகிறது. லாரிகள் உரசிக்கொண்டு போயின. எப்படியோ அக்கரை சேர்ந்து, மேலே போகப் பயந்து, அம்மாவும் நானும் அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம்.

அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் பெரியம்மா படுத்த படுக்கை. டாக்டர் வாரக்கணக்குதான் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரே அக்கா. ஃபெர்ரி, பஸ் என்று மாறிப் போக முழங்கால் இடம்கொடாது. டாக்சி என்றால் அந்நியர் ஓட்டும் வண்டியில் ஏறமாட்டாராம். வீட்டுக்குள் வந்ததும், "என்ரை அக்கா வாசலைப் பாத்துக்கொண்டு கிடப்பா, பிள்ளை" என்றார்.

ஒர்க்‌ஷாப்பில் பிளக், முன்பக்க ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. இன்னும் என்ன?

12 மார்ச், செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி கேன்டீனில், மெயின்டனன்ஸ் நல்லமுத்துவிடம் சொன்னேன். எல்லோருக்கும் அவர் 'அண்ணே'. எனக்கும்தான். சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நின்ன காடி மறுபடி ஸ்டார்ட் ஆவுதா?"

"பத்து நிமிஷத்துல ஆவுதுண்ணே."

"அப்ப பெட்ரோல் டாங்கிதான், மிஸ். உள்ளுக்குள்ள, எண்ணெய உறிஞ்சுற பைப் வாயில ஒரு வலை இருக்கும். துரு போயி அடைக்குது. நின்னதும் துரு கீழ எறங்கிடும், வழி விடும். அந்த ஃபில்டர யாரும் தொறந்தே பாத்திருக்க மாட்டாங்க லா."

சனிக்கிழமை வருகிறாராம்.

13 மார்ச்

"ஆர் அந்தப் பொடியன்? எந்த ஆக்கள்?" என்றார் அம்மா. ஊரும் சாதியும் கேட்கிறார்.

பொடியனாம். நாற்பத்து மூன்று வயது. மனைவி இறந்து ஆறு வருடம். எனக்கு முப்பத்தொன்பது — இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்?

16 மார்ச், சனி

காரை வாசலில் காற்றோட்டமாக நிறுத்தச் சொன்னார் நல்லமுத்து. பேட்டரி வயரைக் கழற்றினார். பின்சீட்டைத் தூக்கினால் அடியில் வட்டமாக ஒரு மூடி! பதினைந்து வருடம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

வேலையைத் தொடங்காமல் சாமியறைப் பக்கம் பார்த்தார்.

"அம்மா, தப்பா நெனக்காதீங்க. பெட்ரோல் ஆவி கெளம்பும். வெளக்கு…"

"விளக்கை நூர்க்கிறதோ?"

சாமி விளக்கை அணைப்பதா என்று அம்மாவின் முகம் போன போக்கு! ஆனால் அம்மா உள்ளே போய், தானே ஒரு பூவால் திரியை அமர்த்திவிட்டு, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நல்லமுத்து மூடியின் பூட்டு வளையத்தில் மரக்கட்டையை வைத்து, பொறி பறக்காமல், தட்டித் தட்டித் திருப்பினார். வெளியே வந்த வலை கறுத்து, சேறும் துருவுமாக ஊறிக் கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இவ்வளவு ஊத்தையோ!" என்றார். மிச்ச எண்ணெயை உறிஞ்சி எடுத்து, அடியில் கிடந்த துருவைத் துடைத்தார். புது வலை மாட்டினார். "ரப்பர் வளையத்த நீங்க வைங்க மிஸ். ஒங்க வெரல்தான் உள்ள போவும்." வைத்தேன். சரியாக உட்கார்ந்ததா என்று அவர் விரலும் பின்னாலேயே வந்தது.

ஆயர் ஈத்தாம் வரை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை.

அம்மா தேநீர் கொடுத்தார். விருந்தாளிகளின் பீங்கான் கோப்பையில் இல்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரில். அவர் கவனித்தார். குடித்தார்.

17 மார்ச், ஞாயிறு

பாலம் முடியும்வரை அம்மா கண்ணைத் திறக்கவேயில்லை. போய்ச் சேர்ந்துவிட்டோம். பெரியம்மா, அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். இருவரும் ஏதோ பள்ளிக்கூடக் கதை பேசிச் சிரித்தார்கள். நான் வெளியே போய் நின்று அழுதேன்.

24 மார்ச், ஞாயிறு

பெரியம்மாவுக்குப் பேச்சில்லை. அம்மா அவர் தலையை வாரிப் பின்னிவிட்டார்.

28 மார்ச்

விடியற்காலையில் பெரியம்மா போய்விட்டார்.

9 ஏப்ரல், செவ்வாய்

கேன்டீனில் நல்லமுத்து எதிரே உட்கார்ந்தார். 'அண்ணே' என்று தொடங்கப் போனேன். வாயில வரல. என்ன ஆச்சு எனக்கு?

"என்ன மிஸ்?"

"ஒண்ணுமில்ல… இனிமே ஒங்கள அண்ணேன்னு கூப்பிட மாட்டேன்."

கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். "அப்ப நானும் மிஸ்னு சொல்லல, அருந்ததி."

2 ஜூன், ஞாயிறு

நல்லமுத்துவைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

5 ஜூன்

"எங்கடை ஆக்கள் இல்லை" என்றார். தெரியும் என்றேன்.

பிறகு சுவரைப் பார்த்தபடி, "கடைசியா என்ரை அக்காவை ரெண்டு தரம் கண்டனான். அது அவனாலைதான்" என்றார். எழுந்து போய்விட்டார்.

12 செப்டம்பர், வியாழன்

திருமணப் பதிவு அலுவலகம். அம்மா வந்தார், சும்மா வந்து உட்கார்ந்திருப்பேன் என்றுதான் சொல்லியிருந்தார். முதல் சாட்சியாக ஃபேக்டரி நண்பர் கமாலுதீன் கையெழுத்திட்டார். இரண்டாவதாக வரவேண்டிய என் தோழியை இன்னும் காணோம். அதிகாரி மணியைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

அம்மா எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். பேனாவை எடுத்து, நல்லமுத்துவைப் பார்த்தார்.

"எங்கை ஒப்பம் வைக்கிறது, தம்பி? காட்டுங்கோ."

நல்லமுத்து அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அம்மா அங்கே ஒப்பம் வைத்தார்.